குலிபாலியைப் புகழ்ந்த குற்றம்

தியேமாபுகு பள்ளிக்கூடத்துக்கு விருந்தாளிகள் வருவது புதிதல்ல. பள்ளியை நடத்துகிற தரும சங்கம் கடல் தாண்டி சுவிட்சர்லாந்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கேயிருந்து நாலு பேர் கிளம்பி, தாங்கள் வளர்க்கிற ஏழைப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்கள். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடும். வந்தவர்கள் அடிபம்பில் தண்ணீர் அடிப்பதுபோல ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு மாங்கன்று நடுவார்கள். கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஆடு வந்து கன்றைத் தின்றுவிடும். அதுவும் ஒருவகையில் நல்லதுதான். அடுத்த வருஷ விருந்தாளிக்கு நட இடம் வேண்டுமே.

சமையல்காரி தெனெ கெய்ட்டாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகிப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளுக்கு இரண்டு அண்டாவில் கம்பங்களி கிண்டுகிற கை அவளுடையது. கையைவிட வாய்க்குத்தான் பலம் அதிகம் என்று ஊரில் பேச்சு. அவள் அதை மறுத்ததில்லை.

அந்த வாய்க்கு நாள் தவறாமல் தீனி போட்டவர் தலைமையாசிரியர் ஜுமானா குலிபாலி. கெய்ட்டா, குலிபாலி என்கிற இரண்டு குலத்துக்கும் கேலி உறவு. முப்பாட்டன் காலத்து ஏற்பாடு. ஒரு கெய்ட்டா ஒரு குலிபாலியைக் கண்டால் வையவேண்டும், குலிபாலி திருப்பி வையவேண்டும், இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் முன்னால் கைகட்டி நிற்கவேண்டும்.

காலையில் வாத்தியார் கஞ்சி குடிக்கச் சமையற்கட்டு வாசலில் தலை காட்டியதும் ஆரம்பிக்கும்.

"வந்துட்டான்யா காராமணி தின்னி! பிள்ளைங்களா, மூக்கப் பொத்திக்கிட்டு காத்து வர்ற பக்கமா ஓடுங்க!"

"எங்க வீட்டு அடிமைக்கு இன்னிக்கு வாய் நீளுது. ஒங்க அப்பன எங்க தாத்தா ரெண்டு சுரக்காய்க்கு வாங்குனாரு, ஞாபகம் இருக்கட்டும்."

"கையில ரெண்டு சுரக்கா இருந்திருந்தா ஒங்க தாத்தா அதத் தின்னுருப்பாரு. காராமணியத் திருடித் தின்ன பரம்பரதானே!"

காராமணி வயிற்றை என்ன பாடு படுத்தும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நாட்டில் உள்ள அத்தனை குலிபாலிகளுக்கும் அந்தப் பட்டம்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். வாத்தியாரும் சிரித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் இன்னொருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு நல்ல வார்த்தை பேசியதும் இல்லை.

இந்த வருஷம் ஒரே ஒரு விருந்தாளிதான், அதுவும் தனி ரகம். வெரேனா என்று பெயர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், வெயிலில் சிவந்துபோன மூக்கு. போட்டோ வேண்டாம், மாங்கன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். பெண்களோடு தரையில் உட்கார்ந்து ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஊர் மொழியான பம்பாரா பேசினாள். எட்டு மாதம் செல்போனில் பாடம் படித்தாளாம். உடம்பு சுகமா, கிணறு எங்கே, வயிற்றுப்போக்கு எத்தனை நாளாக, எல்லாம் சுத்தமாக வந்தது. அந்தப் பாடத்தில் காராமணி என்பது சந்தையில் விற்கிற பொருளாக மட்டும்தான் வந்திருந்தது.

மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது ஊரே கை தட்டியது. தெனெதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

வந்த அன்று மத்தியானம் வெரேனா தன் வேலையை ஆரம்பித்தாள். சங்கத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். பள்ளியில் வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கவேண்டும். அப்போதுதான் பயமில்லாமல் உண்மை பேசுவார்களாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றி நின்று சிரிக்க நாலு பேர் இருந்தால்தான் வசவு கேலியாகும். கதவைச் சாத்திவிட்டால் அதுவே வாக்குமூலம். இது சங்கத்துக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் தெனெவுக்கும் தோன்றவில்லை.

"தலைமையாசிரியர் உங்களை எப்படி நடத்துகிறார்?" என்று கேட்டாள் வெரேனா, பாடத்தில் படித்தபடியே.

"யாரு, அந்தக் காராமணி தின்னியா? அவன் எங்க குடும்பத்து அடிமைம்மா. போனாப் போகுதுன்னு அவுத்து விட்டிருக்கோம்."

வெரேனாவின் பேனா நின்றது. "அடிமையா?"

"ஆமா. அவனக் கேட்டா நாந்தான் அடிமைம்பான். நம்பாதீங்க."

"உங்களை அடிமை என்று அவர் சொல்கிறாரா?"

"தெனம் சொல்றான். கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, குடிச்ச பெறகு ஒருவாட்டி."

"பிள்ளைகளின் உணவிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா?"

இவ்வளவு அழகாக எடுத்துக் கொடுத்தால் எந்தக் கெய்ட்டாதான் விடுவாள்? "எடுக்கிறதா! போன மாசம் ஒரு மூட்ட காராமணி வந்துச்சு. ஒத்த ஆளாத் தின்னு முடிச்சான். சாக்கையும் தின்னுருப்பான், நாந்தான் புடுங்கி வச்சேன்."

"இது வேறு யாருக்காவது தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே!"

"தெரிந்து, என்ன செய்கிறார்கள்?"

"சிரிப்பாங்க."

வெரேனாவின் சிவந்த மூக்கு வெளுத்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரைக் கண்டு உங்களுக்குப் பயமா?"

"சாப்ட்டு எந்திரிச்சான்னா பயந்தான். பக்கத்துல நிக்க முடியாது."

வெளியே வந்த தெனெ, இன்றைக்கு வாய் நன்றாக வேலை செய்தது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். வெள்ளைக்காரம்மா ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. எட்டு மாதப் படிப்பில் சிரிப்பு வரைக்கும் போயிருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வாத்தியார் சமையற்கட்டுக்கு வந்தார். தெனெ வழக்கம்போல மூக்கைப் பொத்தினாள். அவர் திருப்பி வையாமல் கவிழ்த்து வைத்திருந்த உரல் மேல் உட்கார்ந்தார்.

"என்ன, வயித்துல காத்து தீந்துபோச்சா?"

"என்னை வேலையிலேருந்து நிறுத்தி வைக்கிறாங்க தெனெ."

தன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதும் தெனெவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மத்தியானம் சாப்ட்டதும் அந்தம்மா கெளம்புது. ஞாயித்துக்கெழம டவுன்லேருந்து வேற ஆள் வருவாராம். விசாரணை முடியிற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரக்கூடாதாம். பிள்ளைங்க சோத்தத் திருடுறேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. வேலைக்காரங்கள அடிமையா நடத்துறேன்னும்."

அகப்பை களிக்குள் நின்றுபோயிற்று. "யாரு சொன்னதாம்?"

"பேரு சொல்லக்கூடாதாம், விதி. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். காவக்காரனா இருக்குமா, ரெண்டாங்கிளாஸ் டீச்சரா இருக்குமா..." அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உன்னத் தவிர யாரா வேணா இருக்கலாம்."

ஆயிரம் வசவு வைத்திருந்த வாய்க்கு, நான்தான் என்கிற ஒரு சொல் வரவில்லை. அவர் போன பிறகு தெனெ அண்டாவுக்குள் பார்த்தபடி நின்றாள். களி அடிப்பிடித்துப் புகைந்தது. டவுனிலிருந்து வந்த எந்த வாத்தியாரும் இந்த ஊரில் இரண்டு மழைக்காலம் தாண்டியதில்லை. இந்த மனுஷன் போனால் பாதிப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விடும், மீதிப் பாதி தங்கம் தோண்டுகிற குழிகளுக்குக் கூலிக்குப் போய்விடும். அத்தனைக்கும் காரணம் தன் நாக்கு. அதை அறுத்து அண்டாவில் போட்டாலும் தகும் என்று தோன்றியது.

அவள் நேராக ஓடியது டிரைவர் புரேமாவிடம். வெரேனாவைத் தலைநகர் பமாகோவிலிருந்து கூட்டி வந்தவன் அவன்தான். காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் வண்டியில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

"நீதானா அக்கா அது? சாக்கையும் தின்னுருப்பான்னு சொன்னியாமே!"

"சிரிக்காதடா! அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லு."

புரேமாவின் சிரிப்பு நின்றது. "நேத்தே ஒரு மணி நேரம் பிரெஞ்சுல சொன்னேன்க்கா. கேக்கல. பயந்துபோனவங்க எல்லாரும் அடுத்த நாள் வெளையாட்டுக்குச் சொன்னேன்னுதான் சொல்வாங்களாம். வேற ஊருங்கள்ல அப்படி நடந்திருக்காம். சொன்ன ஆளே வந்து, சிரிக்காம, நேரா உண்மையச் சொன்னாத்தான் மாத்தி எழுதுவேங்குது."

அதற்கென்ன, சொல்லிவிட்டால் போகிறது என்று தெனெ வெரேனாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, நான் நேத்து சொன்னதெல்லாம் வெளையாட்டு."

வெரேனா அவளைப் பரிவோடு உட்கார வைத்தாள். "உங்களை இங்கே அவர் அனுப்பினாரா?"

"யாரு, அந்தப் பயறு தின்னியா? அவன் அனுப்பி நான் வர்றதா? அடிமை ஏவி எஜமான் வந்த கதை எங்கயாவது உண்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெனெவுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெரேனா அதைப் பயம் என்று எழுதிக்கொண்டாள்.

"அவர் நல்லவர் என்று சொல்ல வந்தீர்களா?"

தெனெ வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். ஒரு கெய்ட்டா ஒரு குலிபாலியை மரியாதையாகப் பேசினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: இனிமேல் நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ. அப்பனைக் கொன்ற பகையில்கூட யாரும் அதைச் செய்ததில்லை. தெனெ எழுந்து வந்துவிட்டாள். சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டாள். நறுக்கி முடிப்பதற்குள் முடிவும் செய்துவிட்டாள். சொல்வதைக் கதவு சாத்திய அறையில் சொல்வதில்லை, அவர் முகத்துக்கு எதிரே சொல்வது. செய்த பாவத்துக்கு அதுதான் நேர்மை.

மத்தியானம் விருந்தாளிக்காக நெல்லுச் சோறும் நிலக்கடலைக் குழம்பும். பள்ளிக்கூட முற்றத்து வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் சட்டிக்கு எட்டு பேராக வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தன்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறவளுக்குப் பக்கத்திலேயே வாத்தியார் உட்கார்ந்து, நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். விருந்தாளி விருந்தாளிதானே.

தெனெ குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நடு முற்றத்தில் நின்றாள்.

"ஜுமானா குலிபாலி அவர்களே."

பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. பெரிய வசவு ஒன்று வரப்போகிறது என்று சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

"உங்க மேல புகார் சொன்னது நாந்தான். கேலிக்குச் சொன்னேன், கேட்டவங்களுக்குக் கேலின்னு தெரியல. அதனால இப்பக் கேலி இல்லாமச் சொல்றேன். பஞ்சத்து வருஷம் ரெண்டு மாசம் சங்கத்து லாரி வரல. அப்ப இந்த அண்டாவுல வெந்தது உங்க வீட்டுக் குதிர்ல இருந்த கம்பு. உங்க வீட்ல எலையப் பறிச்சு அவிச்சுத் தின்னீங்க. மூணு வருஷம் முன்னாடி தங்கக் குழிக்குத் தேடிப் போயி, மண்ணு சொமந்துக்கிட்டிருந்த பதினோரு பொண்ணுங்களக் கழுதவண்டியில ஏத்திக் கூட்டி வந்தீங்க. வண்டியில எடம் இல்லன்னு ஒம்பது நாளு பின்னாடியே நடந்து வந்தீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துத் தானியத்துல ஒரு பிடி நீங்க எடுத்ததில்ல. உங்கள மாதிரி நல்ல மனுஷன நான் பாத்ததில்ல."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சின்ன வகுப்பில் ஒன்று, என்ன ஏது என்று புரியாமலே அழ ஆரம்பித்தது. வாத்தியார் கையில் உருட்டியிருந்த சோற்றைத் திரும்பச் சட்டியில் வைத்தார். ஊர் நடுவில் கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி இருந்தது அவர் முகம். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நன்றிங்க, கெய்ட்டா அம்மா."

அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெரேனா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரேமாவின் பக்கம் திரும்பினாள். "அவரைப் புகழ்ந்துதானே பேசினார்கள்? அவர் ஏன் அழுகிறார்?"

"நேராப் பேசச் சொன்னீங்கம்மா. பேசிட்டாங்க," என்றான் புரேமா. "திருடன்னு சொன்னப்ப உடையாத ஆளு, இப்ப ஒடஞ்சுட்டாரு."

எட்டு மாதப் பாடம் சொல்லாததை அந்த முகம் அவளுக்குச் சொல்லிவிட்டது. நல்ல பெண்தான், சொன்னால் புரிந்துகொள்கிறவள்தான். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பைக்குள்ளிருந்து தான் எழுதிய புகார்த் தாள் இரண்டையும் எடுத்து நாலாகக் கிழித்தாள். சமையற்கட்டுக்கு வந்து, "என்னை மன்னித்துவிடுங்கள். இதை நான் எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டாள்.

"ஒங்க போன்ல அதுக்கு ஒரு பாடம் இருந்தாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் தெனெ. அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

கார் போயிற்று. வாத்தியாரின் வேலை பிழைத்தது. ஆனால் மறுநாள் காலை அவர் கஞ்சி குடிக்க வரவில்லை. தூரத்தில் நின்று தலையைக் குனிந்து, "உடம்பு சுகந்தானுங்களா, கெய்ட்டா அம்மா?" என்றுவிட்டு வகுப்புக்குப் போனார். மத்தியானம் தட்டைத் திருப்பி அனுப்பும்போது, "சமையல் நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு" என்று சேதி வந்தது. அந்த "நல்லா இருந்துச்சு" தெனெவைத் தூங்கவிடவில்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றே குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். பிள்ளைகள் பம்படியே கதியாகக் கிடந்தன. இன்றைக்காவது மனுஷன் வந்து வைவார் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்று சேதி வந்தது. மூன்றாம் நாள் உப்பே போடவில்லை. அதுவும் நல்லாத்தான் இருந்ததாம். இதற்கு அவர் வேலையை விட்டே போயிருக்கலாம், குறைந்தபட்சம் போகிற வழியில் இரண்டு வசவாவது வைதிருப்பார் என்று தெனெவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

நாலாம் நாள் அவள் அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஐந்தாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். பிள்ளைகள் எழுந்து நின்றன.

"உள்ள வாங்க, கெய்ட்டா அம்மா," என்றார் வாத்தியார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன். கெய்ட்டா கேட்டா குலிபாலி இல்லன்னு சொல்லக்கூடாது."

"எதுக்கு மன்னிப்பு? திருடன்னு சொன்னதுக்கா?"

"அதுக்கு எதுக்கு? அது எப்பவும் சொல்றதுதான. நல்லவன்னு சொன்னதுக்கு."

வாத்தியார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். அதுவரைக்கும் பிடித்து வைத்திருந்த மரியாதையெல்லாம் குரலிலிருந்து போய்விட்டது. "திருடன்னு நீதான் சொன்னேன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு தெனெ. ஆனா அத்தன பேரு முன்னாடி நின்னு என்னை 'அவர்களே'ன்னு கூப்ட்ட பாரு... எனக்கு யாருமே இல்லாமப் போன மாதிரி ஆயிடுச்சு." சாக்கட்டித் தூள் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குச் சொன்னதுல எத்தன பொய்?"

"ஒண்ணுகூட இல்ல."

"அதான் மன்னிக்க முடியல."

தெனெ அகப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அப்புறம் அவள் மெதுவாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"சரி. ஒண்ணு பொய். கழுதவண்டிக்குப் பின்னாடி நடந்து வந்தாருன்னு சொன்னேன்ல? அது பொய் பிள்ளைங்களா. வண்டிய இழுத்துக்கிட்டு வந்தது இவன். கழுத மேல ஏறி உக்காந்து வந்துச்சு. ரெண்டுல எது வாத்தியாருன்னு தெரியாம ஊர்க்காரங்க ரெண்டுக்கும் சலாம் வச்சாங்க."

முதல் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஸித்தான் என்கிற பெண் கையைத் தூக்கினாள். அந்தப் பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. அவளும் கெய்ட்டா, அந்த உரிமை அவளுக்கும் உண்டு.

"சார், நான் அந்த வண்டியிலதான் இருந்தேன். ஒம்பது நாள்ல கழுத ஒருவாட்டிகூடக் காத்து விடல."

அதற்குமேல் வகுப்பை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. வாத்தியார் சடாரென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெனெ அகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் திரும்பியபோது இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"வெளிய போ நாயே," என்றார். "நாலு நாளா நீ வச்ச கொழம்பக் கழுநீர்ப் பானைகூட வாங்கிக்காது. வாயில வைக்க முடியலடி!"

தெனெ அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.